நாலு ஸ்குரு

பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கிய ஓர் அலுவலகத்தில், இருந்த ஒரே ஜன்னலையும், ஏ.சி. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக நாலு ஸ்குரு போட்டு மூடியிருந்தார்கள். மூன்று மணியானால் தபால் பிரிவு மரகதவல்லிக்குத் தலைவலி வந்துவிடும்.

"மூடியும் என் குளிர்ச்சி கசியுதாம். நாளைக்குக் கொத்தனார் வந்து உன்னைச் செங்கல் வெச்சு அடைக்கப்போறார் அண்ணே" என்று சிரித்தது ஏ.சி.

"அந்தப் பொண்ணு தினமும் மாத்திரை போடுதே, பார்த்தியா?" என்றது ஜன்னல்.

"குளிர வைக்கிறதுதான் என் வேலை. தலைவலி என் டிபார்ட்மெண்ட் இல்லை."

மறுநாள் கொத்தனார் செங்கல்லோடு வாசலில் நிற்கும்போதே, சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வாளர் வந்தார். உள்ளே உட்கார்ந்து கோப்புகளைப் படித்தவர், அரை மணி நேரத்தில் ஆறு கொட்டாவி விட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மரகதவல்லி மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"தினமும் இதுதானாம்மா?"

"ஞாயித்துக்கிழமை வலிக்காது சார்."

ஆய்வாளர் மாத்திரையை வாங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு ஸ்குருவையும் கழற்றச் சொன்னார். காற்று உள்ளே வந்தது. 'ஜன்னல் திறந்தால்தான் சான்றிதழ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மூன்று மணிக்கு மரகதவல்லி மாத்திரையைத் தேடவில்லை.

"அப்போ நான்?" என்றது ஏ.சி.

"சித்திரை வெயில்ல கூப்பிடறேன் தம்பி. அதுவரைக்கும் தூங்கு" என்றது ஜன்னல்.