அறிமுகம் செய்ய ஒருத்தி

பேச்சாளரை அறிமுகம் செய்ய வேண்டியவள் வரவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சலாம். கூட்டம் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தது.

பழைய மாணவியர் சங்கத்தின் தலைவி அலட்டிக்கொள்ளவே இல்லை. நம்ம செயலாளர் இருக்கும்போது என்ன கவலை என்று சொல்லிவிட்டு, மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

செயலாளர் அவர் பின்னாலேயே இரண்டடி போய் நின்றாள்.

கல்லூரியிலிருந்து பேராசிரியைகளை இந்த ஊருக்கு வரவழைத்துப் பேசவைப்பது பதினொரு வருடமாக அவள் பொறுப்பு. யாருக்கு மாடிப்படி ஆகாது, யார் வெந்நீர் தவிர வேறெதுவும் குடிக்க மாட்டார், முக்கால் மணி நேரம் என்றால் யார் ஒன்றரை மணி நேரம் பேசுவார், யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கவே கூடாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முடியவே முடியாது என்று கறாராகச் சொன்ன வரலாற்றுப் பேராசிரியையை மூன்றே கடிதத்தில் கரைத்தவள்.

ஆனால் ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருபவரிடம் படித்த ஒருத்திதான் அவரை அறிமுகம் செய்ய வேண்டும். பட்டமும் பதவியும் அழைப்பிதழிலேயே இருக்கின்றன. வகுப்பறையில் நடந்தது ஏதாவது சொன்னால் போதும். கூட்டம் சிரிக்கும். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இன்று வந்திருந்தவர் தாவரவியல் பேராசிரியை. ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆனவர். அவரைக் கூப்பிடு, கூப்பிடு என்று உறுப்பினர்கள் நச்சரித்தும், பதினொரு வருடமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டிருந்தாள். இந்த முறை சாக்கு தீர்ந்துவிட்டது. கடிதம் போட்டாள். வருகிறேன் என்று மறுதபாலிலேயே பதில் வந்தது.

செயலாளரின் ஆண்டில் தாவரவியல் சேர்ந்த அத்தனை பேருக்கும் முதல் வருட வகுப்பு எடுத்தவர் அவர்தான்.

சேர்ந்தவள்தான் அவளும்.

இடம் கிடைத்து, புத்தகம் வாங்கி, ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளைக் கோட்டுகூடத் தைத்தாயிற்று. கல்லூரி திறக்க நான்கு நாள் இருக்கையில் அம்மா மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. எழுந்து நடக்க இரண்டு வருடம் பிடித்தது. வீட்டில் மூன்று தம்பிகள், சமைக்க வேறு ஆள் இல்லை. இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக்கூட யாரும் கல்லூரிப் பக்கம் போகவில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில், மாடி வீட்டில் இருந்த தலைவி, எந்தக் காலேஜ் என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவள் வாயில் அந்தப் பெயர்தான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கையோடு சங்கத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். உறுப்பினர் படிவத்தில் சேர்ந்த பாடத்தையும் ஆண்டையும் எழுதினாள். முடித்த ஆண்டு என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். யாரும் பார்க்கவில்லை.

பொய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. இதைச் சொல்லியே இத்தனை வருடம் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

மேடைக்குப் பக்கத்து அறையில் பேராசிரியை மடிக்கணினியில் பாசிகளின் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். செயலாளர் வெந்நீர் டம்ளரோடு வாசலிலேயே நின்றாள்.

சொல்லக் கதையா இல்லை? கொட்டுகிற மழையில் வகுப்பையே வெளியே கிளப்பிக்கொண்டு போய், பாசி படர்ந்த குளியலறைச் சுவரின் பின்பக்கம் நிற்க வைத்துப் பாடம் எடுத்தாராமே. பழைய ஊரில் அவள் வருடத்து மாணவிகள் சொல்லிச் சொல்லிக் கேட்டது; அவர்கள் யாரும் இந்தச் சங்கத்தில் இல்லை. நனைந்த புடவையின் நிறம்வரை தெரியும். அதை எடுத்துத் தன் கதையாகச் சொன்னால் கீழே இருப்பவர்களில் ஒருத்திக்கும் தெரியப்போவதில்லை.

மேடையில் இருக்கப்போகிறவருக்குத் தெரியும்.

டம்ளரைக் கீழே வைக்காமலே சொல்லி முடித்தாள். சேர்ந்தது, அம்மா விழுந்தது, வகுப்புக்கு வராமலே போனது. வேறு யாரையாவது அறிமுகம் செய்யச் சொல்கிறேன், என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் என்றாள்.

பேராசிரியை மடிக்கணினியை மூடினார். கடிதத்தின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் கிளம்பி வந்ததாகச் சொன்னார். முதலெழுத்து மாறியிருந்தது, ஆனால் அப்படியொரு பெயரை அதற்குப் பிறகு எங்குமே அவர் கேட்டதில்லையாம்.

“பதிவேட்டுல உன் பேரு இருந்துச்சும்மா, அடிக்கச் சொல்லி யாரும் வரல. வருஷம் பூரா தினமும் கூப்பிட்டேன். பதில் வராதுன்னு தெரியும். இருந்தாலும் கொஞ்சம் நின்னுட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவேன்.”

அதற்குள் தலைவி வந்து, நேரமாயிற்று என்று இருவரையும் மேடைக்கு அழைத்துப் போனார்.

அறுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேரைத் தொலைபேசியில் விரட்டி வரவழைத்ததே அவள்தான். மைக்கின் உயரத்தைத் தாழ்த்தினாள்.

“மேடம் கிளாஸ்ல நான் ஒரு நாள்கூட உக்காந்ததில்ல.”

வேடிக்கையாக ஆரம்பிக்கிறாள் என்று நினைத்து அரங்கம் கொல்லென்று சிரித்தது.

முதல் வரிசையில் தலைவிதான் எல்லோருக்கும் முன்னால் சிரிப்பை நிறுத்தினார்.

மற்றவர்களும் நிறுத்தட்டும் என்று செயலாளர் காத்திருந்தாள்.