இடது கை

"அப்பா, கொஞ்சம் சிரிங்க."

அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது என்று ஸ்தானா அத்தை யெலிட்சாவிடம் காலையிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தாள். அப்பா சிரித்துப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது. யெலிட்சா இடது கையைத் தூக்கச் சொன்னாள். அது மடியிலேயே கிடந்தது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

"ஜன்னல் காத்து அடிச்சிருக்குடி. பிளம் சாராயம் ரெண்டு மடக்கு குடு, சரியாயிடும்."

"பக்கவாதம் அத்தை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தாச்சு."

"படிச்சவ பேச்சைக் கேளுங்க! பாதி விருந்துல எழுந்தா உங்கம்மா ஆத்மா அலையும்டி."

"அலையட்டும்."

வலது பக்கம் தோள் கொடுத்து அவரை எழுப்பினாள். அந்தக் கனத்த மனிதர் சாயாமல் நடந்தார். மறுபக்கம் யாருமில்லை. ஆனால் அவருடைய இடது கை உயர்ந்து, அம்மாவின் தோள் உயரத்தில், காற்றின்மேல் படிந்திருந்தது.

யெலிட்சா நிற்காமல் அவரோடு வெளியேறினாள்.