கருத்து இல்லை

ஐந்து பதில்கள் இருந்தன. ஒன்றைத் தொட வேண்டும்.

செல்போனுக்குள் இருந்த நிருபர் கேட்டிருந்தார்: நேற்றைய தோல்விக்கு உங்கள் கோல்கீப்பர்தானே காரணம்?

ஆமாம் என்று ஆவேசமாகச் சொல்லலாம். ஆமாம் என்று நயமாகச் சொல்லலாம். கீப்பரைத் தாங்கிப் பேசலாம். நடுவரைத் திட்டலாம். கருத்து இல்லை என்று எழுந்து போகலாம்.

அவள் எப்போதும் கடைசியைத்தான் தொடுவாள். மற்ற எதைத் தொட்டாலும் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அம்பு ஏறும், இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு இறங்கும். கருத்து இல்லை என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அந்த விளையாட்டில் அவள் ஒரு பெரிய ஐரோப்பிய கிளப்பின் மேலாளர். பல சீசனாக வேலை போகவில்லை.

நிஜத்தில், வியாசர்பாடியில் ஒரு பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர்.

"இந்தாம்மா, போனை உள்ள வை. பிரஸ்காரங்க வந்துட்டாங்க."

கிளப் தலைவர் தணிகாசலம். கேமரா ஓடினால் மேடம் என்பார். இன்னும் ஓடவில்லை.

"தோத்ததுக்கு கீப்பர் பொண்ணுதான் காரணம்னு சொல்லிடு. நாளையிலேர்ந்து அவள நிறுத்திடலாம். மத்தத நான் பாத்துக்கறேன்."

கீப்பர் ஜெனிட்டா காது கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். கையில் தாம்பாளம். அதில் நிருபர்களுக்கான சால்வைகள்.

நேற்றும் அவள் கையில்தான் தாம்பாளம்.

ஆட்டத்துக்கு முன் தலைவருக்குப் பிறந்தநாள் பொன்னாடை. வட்டம், பகுதி, தெருமுனை என்று வந்தவரெல்லாம் போர்த்தினார்கள். போர்த்தியவருக்கெல்லாம் தலைவர் திருப்பிப் போர்த்தினார். அணி மொத்தமும் உச்சி வெயிலில் வரிசையாக நின்றது. போட்டோவுக்குப் பின்னணி வேண்டுமல்லவா.

விசில் ஊதியபோது ஜெனிட்டாவின் கைகள் மரத்துப் போயிருந்தன. மூன்று கோல். மூன்றாவது பந்து வலையின் ஓட்டை வழியாக வெளியேறிச் சாக்கடை வரை ஓடியது.

புது வலை கேட்டால் அடுத்த மாதம் என்பார் தலைவர்.

சால்வைக்கு அடுத்த மாதமே கிடையாது.

கிளப் அறையில் பேனர் கட்டியிருந்தார்கள். முக்கால்வாசி தலைவரின் முகம். மூலையில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கால்பந்து.

நிருபர்களுக்குச் சால்வை போர்த்தி முடிந்தது. தலைவரின் விளையாட்டுச் சேவையைப் பற்றிக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். தலைவர் தன்னடக்கத்தோடு நிறையச் சொன்னார். பிறகு கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"மேடம், தோல்விக்கு கீப்பர்தான் காரணம்னு சொல்றாங்களே?"

அதே கேள்வி. போனில் இருந்தவருக்குச் சால்வை இல்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. கருத்து இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஜெனிட்டா இன்னும் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். இறக்கி வை என்று யாரும் சொல்லவில்லை.

ஜெனிட்டாவுக்கு ஆகும்.

"சால்வை," என்றாள்.

"என்ன மேடம்?"

"தோத்ததுக்குக் காரணம். மேட்சுக்கு முன்னாடி எங்க பொண்ணுங்கள வெயில்ல நிக்க வச்சுட்டு, தலைவரு சால்வை போர்த்திக்கிட்டிருந்தாரு. கீப்பர் கையில தட்டு. அப்புறம் அந்தக் கையால எதப் பிடிப்பா?"

நிருபர் தன் தோளில் இருந்த சால்வையை மெல்ல மடிக்கு இறக்கிக்கொண்டார்.

தலைவர் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம் ரொம்ப உழைச்சுட்டாங்க. இனிமே நல்லா ஓய்வெடுக்கணும்னு கிளப் சார்பா வாழ்த்தறேன்."

தாம்பாளத்தில் மிச்சமிருந்த சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கிளப்பில் வேலையை விட்டு அனுப்புவதும் பொன்னாடையோடுதான். முந்தைய பயிற்சியாளர் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவள் கும்பிடவில்லை.

"ஜெனி, தட்டை வச்சுட்டு கிளவுஸ மாட்டு."

தாம்பாளம் தலைவரின் மடியில் போய் உட்கார்ந்தது.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இருவருக்கும் பின்னாலேயே மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். அவள் தன் தோளிலிருந்து சால்வையை உருவினாள். வலையின் ஓட்டை மேல் விரித்து நான்கு மூலைகளையும் இழுத்துக் கட்டினாள். ஜரிகை வெயிலில் பளபளத்தது.

"இன்னாக்கா, வலைக்குப் பொன்னாடையா?"

"ஆமாடி. இவ்ளோ நாளா ஒழுங்கா வேலை பாத்தது இது ஒண்ணுதான். அந்த முடிச்ச இறுக்கு."

கிளப் அறை வாசலில் தலைவர் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். கேமராக்காரர் அவரை இடித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்.

முதல் பந்து வந்தது. ஜெனிட்டா பாய்ந்தாள். விரலில் பட்டுத் தாண்டிப் போய்ச் சால்வையில் விழுந்தது.

சால்வை தாங்கியது.

பெண்கள் பயிற்சியாளரைப் பார்த்தார்கள். கேமராவும் பார்த்தது. ஜெனிட்டா மட்டும் தரையைப் பார்த்தாள்.

"அடுத்த பந்து, ஜெனி," என்றாள்.