மஞ்சள் கேன்

மார்ச் 9. இன்று ஒரு சிறு தவறு: முகர்ந்து பார்க்காமல் வண்டி டாங்கில் ஊற்றிவிட்டேன். பெட்ரோலும் ஜெனரேட்டருக்கான டீசலும் எங்கள் வீட்டில் ஒரே மாதிரி மஞ்சள் கேன்களில் இருக்கின்றன. சாயங்கால வெயில் அக்காவின் ஸ்கூட்டர்மேல் விழுகிறது. என் விரல்களில் பிசுபிசுப்பு. பெட்ரோல் என்றால் இந்நேரம் காய்ந்திருக்கும். இப்போதுதான் முகர்கிறேன். டீசல்தான். அக்கா நர்ஸ் உடையில் வந்து சாவியைத் திருகுகிறாள். இன்னொரு தடவை தாமதமானால் அவளுக்கு வேலை இருக்காது. கிளம்பினாலோ வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். சொன்னால் நான் தொலைந்தேன்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஸ்டார்ட் பண்ணாதக்கா. டீசல் ஊத்திட்டேன்."

அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் அப்படியே நிற்கிறது. "அடப்பாவி! உன் தோள்ல ஏறியா டியூட்டிக்குப் போவேன்?" சொல்லிவிட்டு, செருப்பு தேயத் தெருவில் ஓடுகிறாள்.

நாளை: வகுப்புக்குப் போகாமல், வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் டாங்கைக் காலி செய்ய வேண்டும்.