வலது கை

பதினான்கு நாளாக அந்தச் சிறுமியின் வலது கை மட்டும் கொதிக்கிறது. ஞாயிறு பள்ளியில், இரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்டபோது, கடைசியாக உயர்ந்த கை அது.

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன்; காய்ச்சல் இல்லை. உள்ளங்கையில் வைத்தேன், பாதரசம் உச்சியைத் தொட்டது.

“டாக்டரும் கையை விரிச்சிட்டாரு டீச்சர்,” என்றார் அவளுடைய அம்மா.

சிறுமி நிமிராமல் படம் வரைந்துகொண்டிருந்தாள். பிடித்திருந்த கலர் மெழுகு உருகி மேசையில் வழிந்தது. “அப்பா பிடிச்சிட்டிருக்காரும்மா. விடமாட்டேங்கறாரு.”

“அவரு செத்து மூணு வருஷமாச்சுடி. ஐஸ்கட்டிக் கைன்னு நானே கேலி பண்ணுவேன். டீச்சர், இந்தச் சூடு எங்கிருந்து வருது?”

அந்த அம்மா என்னை நம்பி வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அக்கா, ஞானஸ்நானம் எடுக்காததால அவரு நரகத்துல எரிஞ்சிட்டிருக்காருன்னு இவகிட்ட நான்தான் சொன்னேன்.”