மேல் காந்தாரம்

மேடைக் கச்சேரிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு அமிர்தேஸ்வரி டீச்சர் வாயால் சொல்லிக்கொடுப்பது குறைவு. கையசைவைப் பதிந்துவைக்கும் மெல்லிய கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் வயலின் வாசிப்பார். பிறகு அதையே மாணவர்கள் மாட்டிக்கொண்டால், அவர் விரல் போன வழியில் அவர்கள் விரலும் தானாகப் போகும். சில மாதங்களில் கமகமெல்லாம் கைக்கு வந்துவிடும். அவர் வகுப்பில் அடி என்பதே கிடையாது. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

அன்று மாணவி மௌனிகாவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா கோபமாக வந்தாள்.

"எம் பொண்ணை அடிச்சீங்களா டீச்சர்? காபி டம்ளரை நீட்டினாக்கூட இடது கையை வெடுக்குன்னு இழுத்துக்கிறா!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, நான் தொட்டதுகூட இல்லைங்க!"

"யாரும் அடிக்கலைம்மா" என்றாள் மௌனிகா. "மேல் காந்தாரம் வந்தா கை பயப்படும். இப்ப கையுறை இல்லாமலும் பயப்படுது."

"வாசி, பார்ப்போம்" என்றார் டீச்சர்.

மௌனிகா வெறுங்கையால் வாசித்தாள். மேல் காந்தாரத்தைத் தொடுமுன் அவள் மணிக்கட்டு லேசாக உள்ளே ஒடுங்கியது. டீச்சர் தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிறுவயதில் அந்த ஸ்வரம் பிசகும்போதெல்லாம் அவருடைய அப்பா வில்லால் அடித்த இடம் அது. அப்பா போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. தன் கை இன்னும் அந்த அடிக்கு ஒதுங்குகிறது என்பது இதுவரை அவருக்கே தெரியாது.

"மத்த பிள்ளைங்களுக்கும் இப்படி இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு டீச்சர். அதுதான் உங்க பாணின்னு சபாவுல பாராட்டுறாங்க."

டீச்சர் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலைகுனிந்தார்.

"அடிச்சது நான்தாங்க" என்றார்.