ஆறாவது கால்

அவர் இடது காலால் மிதித்தார்.

சுருதி ஏறியது.

மீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால், இடது கால் இல்லை.

முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே, ஏழு மாதத்துக்கு முன்பு, சர்க்கரை வியாதி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறமும் அது அரிக்கும். இல்லாத சுண்டுவிரல் குடையும். குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்தாலும் அவன் பேருக்குக் கடிதம் வருவது நிற்காது என்று, பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

அரிப்பது வேறு. வேலை செய்வது வேறு.



எதிரே கிட்டார். தோளில் மாட்டுகிற ஜாதி இல்லை. மேசைபோல நாலு காலில் நிற்பது. மேலே பத்துக் கம்பி. அடியில் வரிசையாகப் பெடல்கள். ஒரு பெடலை மிதித்தால் அதிலிருந்து ஓடும் தண்டு ஒன்று மேலே ஒரு கம்பியை இழுக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் அப்படியே விம்மி மேலே ஏறும்.

அதற்கு நாலு கால், இவருக்கு இரண்டு. ஆறும் சேர்ந்தால்தான் பாட்டு.

இப்போது ஐந்து.

அதனால்தான் கிளமெண்டை வரச் சொல்லியிருந்தார். வேறொரு சர்ச்சில் பாடகர் குழு நடத்துகிறவன். நாலு மணிக்கு வண்டியோடு வந்து கிட்டாரை எடுத்துப்போவான்.

மணி மூன்றே முக்கால்.

கடைசியாக ஒருதரம் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பழக்க தோஷத்தில் ஒரு மிதி.

மறுபடி மிதித்தார். ஏறியது.

விட்டார். இறங்கியது.

"இயேசப்பா."

முப்பது வருஷம் சர்ச்சில் வாசித்தவர். அற்புதம் என்று ஒன்று நடந்தால் இப்படிக் கிலி பிடிக்கும் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

லுங்கியை ஒதுக்கிவிட்டுப் பயந்து பயந்து குனிந்தார்.

பாதம் முளைத்திருக்கவில்லை.

மிதிக்க நினைத்தபோதெல்லாம் முழங்கால் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்கிற இடத்தில் ஒரு வளைந்த இரும்பு தொங்கியது. பெடலிலிருந்து கழற்றிய தண்டை அதில் கொண்டுவந்து மாட்டியிருந்தது. முழங்கால் படும் பட்டையில், உறுத்தாமலிருக்க, மயில்நீல ரவிக்கைத் துணி சுற்றித் தைத்திருந்தது.

அந்த மயில்நீலத்தை அவருக்குத் தெரியும்.

முன்னறையில், மனைவி ஹெப்சிபாவின் தையல் மெஷினில் இருந்தது அது. துணியை அழுத்திப் பிடித்திருக்கும் சின்னப் பாதத்தை, கையை எடுக்காமலே, முழங்காலால் தள்ளித் தூக்குவதற்கான பட்டை.

போன வாரம் முழுக்க அவள் அந்தப் பாதத்தைக் கையால் தூக்கித் தூக்கித்தான் தைத்தாள்.

ஏன் என்று கேட்டதற்கு முட்டி வலி என்றாள்.

வீட்டுக்கு ஒரு நொண்டி போதாதா என்று இவர் சிரித்தார்.

கிட்டாரைக் கொடுத்துவிடப்போகிறேன் என்றபோதும் சரி என்றுதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சர்ச்சுக்கு வராமல் தனியாக வீட்டில் இருந்துவிட்டாள்.

இருபத்தாறு வருஷமாக, இவர் வாசிக்க உட்கார்ந்தால் அவள் மெஷினை ஓட்டுவாள். ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. என் பெண்டாட்டிக்குச் சங்கீதக் காது கிடையாது என்று சர்ச் பாடகர் குழுவில் ஊரறியச் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாவது முறை முழங்காலால் தள்ளினார். இந்தமுறை காதைக் கொடுத்து.

சுரம் ஏறியது. போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுகொண்டது.

பாவம், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? கிட்டாரின் ஓரத்தில் சுருதிச் சாவி இருந்தது. அரைத் திருகு போதும். சாவியை எடுத்தார்.

எடுத்த கை எடுத்தபடி நின்றது.

அந்த இடம்.

அது அவருடைய இடம்.

பெடலை முழுக்க மிதிக்காமல் முக்காலிலேயே விட்டுவிடுவது அவருடைய சோம்பல். கேட்டால் பாணி என்று சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் காதிலும் விழவில்லை என்றே நம்பியிருந்தார்.

அவள் காதில் விழுந்திருக்கிறது. தவறு என்று தெரியாமல், அதுதான் சுருதி என்று, அந்த மயிரிழை வரைக்கும் பார்த்துப் பார்த்துத் திருகாணியை இறுக்கியிருக்கிறாள்.



வாசலில் வண்டி வந்து நின்றது. கிளமெண்ட் உள்ளே வந்தான். இவர் முழங்காலை இன்னும் எடுக்கவில்லை. இன்னொருமுறை மீட்டினார்.

"அங்கிள், சுருதி கொஞ்சம் கம்மியா நிக்குதே?"

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமாப்பா. ரிப்பேரு. இதப்போய் ஒனக்கு எப்படிக் குடுக்கறது?"

"அரைத் திருகுதான் அங்கிள், நானே வேணா..."

"அது சரியாவாது."

முன்னறையில், எப்போதோ நின்றுபோயிருந்த மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. நேராக ஓடியது. துணியின் மூலை வந்திருக்கவேண்டும். நின்றது.

ஒரு கை எட்டிப் பாதத்தைத் தூக்கும் நேரம்.

பிறகு ஓடியது.